வீட்டு நெட்டுக்கு ஸ்டாட்டிக் ஐபி வாங்கலாமா? பணம் கட்டுமுன் பார்க்க வேண்டியவை

சிசிடிவி மாட்ட வருபவர் வேலையை முடித்துக் கிளம்பும்போது, "வெளியூர்ல இருந்து போன்ல பார்க்கணும்னா ஸ்டாட்டிக் ஐபி போட்டுக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போவார். ஸ்டாட்டிக் ஐபி என்றால் எப்போதும் மாறாத இணைய முகவரி. நெட்காரரைக் கேட்டால் அவரும் உடனே ஒரு விலை சொல்வார். பெரும்பாலான வீடுகளுக்கு அந்தச் செலவு தேவையே இல்லை. முகவரி மாறுமா, மாறாதா என்பது இரண்டாவது கேள்விதான். அது உங்கள் வீட்டுக்கு மட்டும் கொடுத்த பொது முகவரியா, பல வீடுகள் பங்கு போட்டுக்கொள்ளும் முகவரியா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

192.168.1.1 போல நான்கு எண்களால் ஆன ஐபிவி4 முகவரிகள் மொத்தமே சுமார் 429 கோடிதான். உலக அளவிலான கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்தது. ஆசிய-பசிபிக் நாடுகளுக்கு முகவரி பிரித்துக் கொடுக்கும் ஏப்நிக் அமைப்பு, அதே ஆண்டு ஏப்ரலிலேயே கடைசித் தொகுப்புக்கு வந்து ரேஷன் முறையில் கொடுக்கத் தொடங்கியது. அதற்குப் பிறகு வளர்ந்த பிராட்பேண்ட் நிறுவனங்களுக்கு வீட்டுக்கு ஒரு முகவரி கொடுக்கும் அளவு கையில் இல்லை. ஆகவே ஒரே பொது முகவரிக்குப் பின்னால் பல வீடுகளை அடுக்குகிறார்கள். இதற்குப் பெயர் சிஜிநேட். வீட்டிலிருந்து நீங்கள் யூடியூப் கேட்டால் பதில் சரியாக உங்களிடமே வந்து சேரும், ஏனென்றால் கேட்டது யார் என்ற குறிப்பு நிறுவனத்தின் கருவியில் இருக்கும். வெளியிலிருந்து ஒருவர் தானாக அந்த முகவரியைத் தட்டினால், எந்த வீட்டுக்கு அனுப்புவது என்று அந்தக் கருவிக்குத் தெரியாது. அந்த இணைப்பு அங்கேயே விழுந்துவிடும். உங்கள் ரவுட்டரில் எத்தனை போர்ட் (இணைப்புகள் உள்ளே வரும் எண்ணிட்ட வாசல்) திறந்து வைத்தாலும் பயனில்லை.

ரவுட்டரைத் திறந்து பாருங்கள்

வீட்டு வைஃபையில் இருக்கும்போது பிரவுசரில் ரவுட்டரின் முகவரியை அடியுங்கள். பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. ஜியோஃபைபர் பெட்டியில் 192.168.29.1. பெட்டிக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் இருக்கும். உள்ளே போய் 'ஸ்டேட்டஸ்' பக்கத்தில் டபிள்யூஏஎன் ஐபி (WAN IP, ரவுட்டரின் வெளிப்பக்க முகவரி) என்ற வரியைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே வைஃபையில், விபிஎன் (இணைப்பை மறைத்து வேறிடம் வழியாகக் கொண்டுபோகும் வசதி) ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்திவிட்டு, 'என் ஐபி என்ன' என்று காட்டும் ஏதாவது ஒரு தளத்தில் ஐபிவி4 முகவரியைப் பாருங்கள்.

இரண்டும் ஒன்றாக இருந்தால் உங்களிடம் ஏற்கெனவே பொது முகவரி இருக்கிறது. அது மாறுவதா, மாறாததா என்று பார்க்க, ரவுட்டரைப் பத்து நிமிடம் அணைத்து வைத்துவிட்டு மறுபடி பாருங்கள். மாறினால் டைனமிக். மாறாவிட்டால் உடனே முடிவு கட்டிவிட வேண்டாம். டிஎச்சிபி முறையில், அதாவது முகவரியைத் தானாகப் பெற்றுக்கொள்ளும் இணைப்புகளில், ஒரே முகவரி மாதக்கணக்கில் நீடித்துவிட்டு, பராமரிப்பு வேலை நடக்கும் ஒரு ராத்திரியில் மாறிவிடும். பிபிபிஓஇ முறையில், அதாவது ரவுட்டரில் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் போட்டு நெட் எடுக்கும் இணைப்புகளில், ஒவ்வொரு முறை கரண்ட் போய் வரும்போதும் மாற வாய்ப்புண்டு.

இரண்டும் வேறாக இருந்தால் டபிள்யூஏஎன் ஐபி எந்த எண்ணில் தொடங்குகிறது என்று பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை இருந்தால் அது சிஜிநேட்டுக்கென்றே ஒதுக்கிய தொகுதி. 10-இல் தொடங்கினாலும், 172.16 முதல் 172.31 வரை இருந்தாலும் பெரும்பாலும் அதே கதைதான். 192.168-இல் தொடங்கினால் முதலில் உங்கள் வீட்டுக்குள்ளேயே தேடுங்கள். நெட்காரர் வைத்த ஃபைபர் பெட்டி ஒரு ரவுட்டராகவும், நீங்கள் வாங்கி மாட்டியது இன்னொரு ரவுட்டராகவும், ஒன்றன் பின் ஒன்றாக ஓடிக்கொண்டிருக்கும். அந்த ஃபைபர் பெட்டிக்குள் நுழைந்து அதன் டபிள்யூஏஎன் ஐபியைப் பார்த்தால்தான் உண்மை தெரியும். ஃபைபர் பெட்டியை பிரிட்ஜ் மோடுக்கு, அதாவது ரவுட்டர் வேலை செய்யாமல் இணைப்பை மட்டும் கடத்தும் முறைக்கு மாற்றித் தரச் சொன்னால் இந்த இரட்டைப் பூட்டு போய்விடும்.

கணினியிலோ போனிலோ டெயில்ஸ்கேல் என்ற விபிஎன் செயலியை நிறுவியிருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவும். அதுவும் தன் கருவிகளுக்கு அதே 100.64 தொகுதியிலிருந்துதான் எண் கொடுக்கிறது. கணினியில் 100-இல் தொடங்கும் எண்ணைப் பார்த்து சிஜிநேட் என்று முடிவு செய்துவிடாதீர்கள். ரவுட்டர் பக்கத்தில் பார்ப்பதே சரி.

வீட்டுக்குள் இருக்கும் முகவரி வேறு கணக்கு

கணினியின் நெட்வொர்க் செட்டிங்கில் 192.168.1.50 என்று கையால் போட்டுவிட்டு, ஸ்டாட்டிக் ஐபி வைத்துவிட்டதாக நினைப்பவர்கள் நிறைய. அது வீட்டுக்குள் மட்டும் செல்லும் எண். வெளி உலகத்துக்குத் தெரியாது, நெட்காரரிடம் காசும் கேட்காது. ஆனால் இது அவசியமான வேலை. பிரிண்டர், டிவிஆர் (கேமரா பதிவுப் பெட்டி), நேஸ் பெட்டி (வீட்டு நெட்வொர்க்கில் கோப்பு சேமிக்கும் கருவி) ஆகியவற்றின் எண் மாறிக்கொண்டே இருந்தால் எதுவும் உருப்படியாக நடக்காது.

எண்ணைக் கருவியில் கையால் போடுவதைவிட, ரவுட்டரின் டிஎச்சிபி பகுதியில் 'அட்ரஸ் ரிசர்வேஷன்' என்ற இடத்தில் கருவியின் மேக் முகவரிக்கு (ஒவ்வொரு கருவிக்கும் உரிய அடையாள எண்) ஒரு எண்ணைக் கட்டிவைப்பது நல்லது. கையால் போட்டே ஆகவேண்டும் என்றால், ரவுட்டர் தானாகப் பிரித்துக் கொடுக்கும் எல்லைக்கு வெளியே ஒரு எண்ணைத் தேர்ந்தெடுங்கள். ரவுட்டர் 100 முதல் 199 வரை கொடுக்கிறது என்றால் டிவிஆருக்கு 192.168.1.20 என்று வையுங்கள். எல்லைக்குள்ளேயே வைத்தால், விருந்தாளி வந்து வைஃபையில் சேரும் நாளில் அவர் போனுக்கும் டிவிஆருக்கும் ஒரே எண் விழுந்து கேமரா காணாமல் போகும். போனுக்கும் லேப்டாப்புக்கும் எண் கட்டிவைக்கிறவர்கள், அவற்றில் மேக் முகவரியை மாற்றிக் காட்டும் 'ரேண்டம் மேக்' வசதியை அந்த வைஃபைக்கு மட்டும் அணைக்க வேண்டும். ஆண்ட்ராய்டு 10-லிருந்தும் ஐஓஎஸ் 14-லிருந்தும் அது தானாகவே போட்டு வருகிறது.

நெட் நிறுவனத்தை மாற்றிய மறுநாள் "கேமரா வேலை செய்யல" என்ற புகார் ஏன் வருகிறது என்பதற்கும் இங்கேதான் விடை. தாஹுவா வகை டிவிஆர்கள் 192.168.1.108 என்ற எண்ணோடு கடையிலிருந்து வருகின்றன. மாட்டுபவர் பெரும்பாலும் அதை அப்படியே விட்டுவிடுவார். பழைய ரவுட்டர் 192.168.1.1 ஆக இருந்தவரை சரியாக ஓடியது. புதிதாக வந்த பெட்டி 192.168.29.1. இப்போது இரண்டும் வெவ்வேறு தொகுதியில் இருப்பதால் ஒன்றையொன்று பார்க்கவே முடியாது. டிவிஆரை மானிட்டரில் மாட்டி, நெட்வொர்க் பக்கத்தில் டிஎச்சிபி போட்டுவிடுங்கள். அல்லது ஐபி, கேட்வே (ரவுட்டரின் எண்), டிஎன்எஸ் (தளப் பெயரை ஐபியாக மாற்றித் தரும் சர்வர்) மூன்றையும் புதிய தொகுதிக்கு மாற்றுங்கள். ஐபியை மட்டும் மாற்றிவிட்டு கேட்வேயைப் பழையபடி விட்டால், வீட்டு வைஃபையில் படம் வரும், வெளியே போனால் வராது. பாதிப் பேர் இந்த இடத்தில்தான் ஸ்டாட்டிக் ஐபி இல்லாததுதான் குறை என்று நினைத்துப் பணம் கட்டுகிறார்கள்.

யாருக்கு என்ன தேவை

கேமராவைப் போனில் பார்ப்பது மட்டும்தான் நோக்கம் என்றால் எதையும் வாங்க வேண்டாம். டிவிஆரில் பி2பி அல்லது 'கிளவுட்' வசதியைப் போட்டு, கியூஆர் குறியை நிறுவனத்தின் செயலியில் ஸ்கேன் செய்தால் போதும். ஹிக்விஷனுக்கு ஹிக்-கனெக்ட் செயலி இருப்பதுபோல மற்ற நிறுவனங்களுக்கும் உண்டு. டிவிஆரே வெளியே போய் இணைப்பை ஏற்படுத்திக்கொள்வதால் சிஜிநேட் தடையாக இருக்காது. படம் தயங்கித் தயங்கி வந்தால் ஐபியைக் குறை சொல்லாமல் அப்லோடு வேகத்தைப் பாருங்கள். செயலியில் 'சப் ஸ்ட்ரீம்' (தரம் குறைத்த படம்) தேர்ந்தெடுத்தால் ஒரே நேரத்தில் நான்கு கேமராவும் பெரும்பாலும் தடையின்றி ஓடும்.

ஆன்லைன் விளையாட்டில் 'ஸ்ட்ரிக்ட் நேட்' (மற்ற ஆட்டக்காரர்கள் நேரடியாக இணைய முடியாத நிலை) என்று வருகிறவர்களுக்குத் தேவை பொது முகவரி. அது மாறினாலும் பாதகமில்லை. ஸ்டாட்டிக் போட்டால் பிங் குறையும், வேகம் கூடும் என்று யாராவது விற்றால் நம்ப வேண்டாம். கம்பியும் அதே, பாதையும் அதே.

வீட்டில் வைத்திருக்கும் நேஸ், கணினி, ஹோம் அசிஸ்டென்ட் (வீட்டுக் கருவிகளை இயக்கும் மென்பொருள்) ஆகியவற்றை வெளியிலிருந்து எட்ட வேண்டும் என்றால் மாறும் பொது முகவரியோடு டிடிஎன்எஸ் என்ற பெயர்ச் சேவை போதும். பொது முகவரியும் இல்லையென்றால் சுற்றுவழிகள் உண்டு, கீழே வருகின்றன.

ஸ்டாட்டிக் ஐபியை நியாயமாகக் கேட்பவர்கள் ஒரு சிறு கூட்டம்தான். வாடிக்கையாளரின் சர்வரில் உங்கள் ஐபியை அனுமதிப் பட்டியலில் சேர்த்தால்தான் வேலை செய்ய முடியும் என்ற நிலையில் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள், வீட்டையும் கடையையும் விபிஎன்னில் நிரந்தரமாகப் பிணைப்பவர்கள், ஐபியைப் பார்த்து அனுமதிக்கும் இணையவழித் தொலைபேசி இணைப்பை வைத்திருப்பவர்கள். இவர்களில் முதல் வகையினருக்கு ஓர் எச்சரிக்கை. சிஜிநேட்டில் இருந்துகொண்டு, தளத்தில் தெரியும் ஐபியைக் கொடுத்துப் பட்டியலில் சேர்க்கச் சொல்லாதீர்கள். அந்த ஒரு முகவரியை அனுமதித்தால் அதற்குப் பின்னால் இருக்கும் முன்பின் தெரியாத வீடுகளுக்கும் சேர்த்துக் கதவு திறந்ததாக ஆகும். போதாக்குறைக்கு அது மாறவும் செய்யும்.

வீட்டிலேயே மெயில் சர்வர் நடத்தும் ஆசை இருந்தால் விட்டுவிடலாம். வீட்டு இணைப்புகளில் மெயில் அனுப்பும் 25-ஆம் போர்ட்டை அடைத்து வைப்பது வழக்கம். டைனமிக் முகவரித் தொகுதிகளை ஸ்பாம்ஹாஸ் போன்ற தடுப்புப் பட்டியல்கள் மொத்தமாகவே ஒதுக்கிவிடுகின்றன. ஸ்டாட்டிக் வாங்கினாலும், அந்த ஐபிக்கு உங்கள் பெயரில் ரிவர்ஸ் டிஎன்எஸ் (ஐபியிலிருந்து பெயரைக் காட்டும்) பதிவு போட்டுத் தர நெட்காரர் சம்மதிக்க வேண்டும். இல்லையென்றால் கடிதங்கள் ஸ்பாமில்தான் விழும்.

காசு கட்டாமல் முடிக்கும் வழிகள்

டிடிஎன்எஸ் என்பது மாறும் ஐபியைத் துரத்திப் பிடிக்கும் பெயர். நோ-ஐபி, டக்டிஎன்எஸ் போன்ற சேவைகளில் ஒரு பெயரைப் பதிவு செய்து, ரவுட்டரின் டிடிஎன்எஸ் பக்கத்தில் அந்தக் கணக்கைப் போட்டால், ஐபி மாறும்போதெல்லாம் ரவுட்டரே புதுப்பித்துவிடும். நோ-ஐபியின் இலவசப் பெயரை 30 நாளுக்கு ஒருமுறை உறுதிசெய்ய வேண்டும். மறந்தால் பெயர் போய்விடும். டிடிஎன்எஸ் பக்கத்தில் பதிவாகும் ஐபி 100 அல்லது 192.168 என்று தொடங்கினால் நீங்கள் சிஜிநேட்டிலோ இரட்டை ரவுட்டரிலோ இருக்கிறீர்கள். எத்தனை முறை புதுப்பித்தாலும் அது திறக்காது.

டிடிஎன்எஸ்ஸோடு ஒயர்கார்டு விபிஎன் ஓட்டுபவர்களைக் குழப்பும் விஷயம் ஒன்று உண்டு. ஒயர்கார்டு சர்வரின் பெயரை இணைப்பு தொடங்கும்போது ஒரே ஒரு முறைதான் ஐபியாக மாற்றிப் பார்க்கும். வெளியூரில் நீங்கள் இணைந்திருக்கும்போது வீட்டில் கரண்ட் போய் வந்து ஐபி மாறினால், செயலி பழைய ஐபியையே தட்டிக்கொண்டிருக்கும். அணைத்துவிட்டு மறுபடி போட்டால் சரியாகிவிடும். ரவுட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் சேர்த்து ஒரு சின்ன 12 வோல்ட் மினி யுபிஎஸ் வைத்தால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும். வாங்குமுன் இரண்டு பெட்டிகளின் அடாப்டரிலும் வோல்ட், ஆம்பியர் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிஜிநேட்டில் இருப்பவர்களுக்கு எளிதான வழி டெயில்ஸ்கேல். வீட்டில் எப்போதும் ஓடும் ஒரு கருவியிலும் உங்கள் போனிலும் நிறுவி, ஒரே கணக்கில் நுழைந்தால் போதும். போர்ட் எதையும் திறக்க வேண்டியதில்லை. அந்தக் கருவியை 'சப்நெட் ரவுட்டர்' ஆக்கினால் டிவிஆர், பிரிண்டர் என்று டெயில்ஸ்கேல் நிறுவ முடியாதவற்றையும் எட்டலாம். ஒரு வலைத்தளத்தை உலகத்துக்கே காட்ட வேண்டுமென்றால் கிளவுட்ஃப்ளேர் டனல் பொருந்தும், சொந்த டொமைன் ஒன்று வேண்டும். இன்னும் கொஞ்சம் மெனக்கெடத் தயாரானவர்கள், நிலையான ஐபியோடு வரும் சிறிய விபிஎஸ் (இணையத்தில் ஓடும் சர்வர்) ஒன்றை வாடகைக்கு எடுத்து, வீட்டிலிருந்து அதற்கு ஒயர்கார்டு இழுக்கலாம். வீட்டுப் பக்க அமைப்பில் 'பெர்சிஸ்டென்ட் கீப்அலைவ்' மதிப்பை 25 விநாடி என்று வைக்க மறக்காதீர்கள். வைக்காவிட்டால், சும்மா இருக்கும் நேரத்தில் சிஜிநேட் கருவி அந்த இணைப்பின் குறிப்பை அழித்துவிடும், வெளியிலிருந்து வீட்டை எட்ட முடியாது. அனுமதிப் பட்டியல் தொல்லைக்கும் இது நல்ல தீர்வு. விபிஎஸ்ஸின் ஐபியைப் பட்டியலில் சேர்த்துவிட்டால், எந்த ஊரிலிருந்து எந்த நெட்டில் வேலை செய்தாலும் வெளியே தெரிவது அந்த ஒரே ஐபிதான்.

ஐபிவி4-க்கு அடுத்து வந்த, எண்ணிக்கைக்குப் பஞ்சமில்லாத ஐபிவி6-ஐ மறந்துவிடக் கூடாது. இந்தியாவில் பெரிய நிறுவனங்கள் அதைக் கொடுத்து வருகின்றன. கணினியில் 2-இல் தொடங்கும் நீளமான முகவரி தெரிந்தால் அது பொது முகவரி, அதற்கு சிஜிநேட் கிடையாது. ரவுட்டரின் ஐபிவி6 ஃபயர்வாலில் அந்தக் கருவிக்கு மட்டும் வழி திறந்தால் போதும். இதிலும் முகவரியின் முன்பகுதி மாறக்கூடும், ஆகவே டிடிஎன்எஸ் வேண்டும். தவிர, பார்ப்பவர் பக்கமும் ஐபிவி6 இருக்க வேண்டும். மொபைல் டேட்டாவில் பெரும்பாலும் இருக்கும், அலுவலக வைஃபையில் பல நேரம் இருக்காது.

வாங்கத்தான் போகிறீர்கள் என்றால்

நெட்காரரிடம் "ஸ்டாட்டிக் ஐபி தருவீங்களா" என்று மட்டும் கேட்டால் "தருவோம்" என்றுதான் பதில் வரும். "பப்ளிக் ஸ்டாட்டிக்தானே, 10-இல் ஆரம்பிக்காதே?" என்று கேளுங்கள். நிறுவனத்தின் உள்வலைக்குள் மட்டும் மாறாமலிருக்கும் எண்ணையும் ஸ்டாட்டிக் என்று கொடுப்பவர்கள் உண்டு. வெளியிலிருந்து வரும் எந்தெந்தப் போர்ட்களை அடைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள், குறிப்பாக வலைத்தளங்களுக்கான 80, 443. வீட்டு பிளானிலேயே தருவார்களா, பிசினஸ் பிளானுக்கு மாறச் சொல்வார்களா என்பதும் முக்கியம். பிளான் மாறினால் ஐபிக் கட்டணத்தைவிட மாத பில்லில் ஏறுவதே அதிகமாகிவிடலாம். மாதக் கட்டணமா, ஆண்டுக்கு மொத்தமா, சொன்ன தொகையில் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா என்பதையும் கேட்டு, வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வீடு மாறினால் அதே எண் கூடவே வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

கொடுக்கும் முறை இரண்டு. பிபிபிஓஇ இணைப்பில் உங்கள் பயனர்பெயருக்கு அவர்கள் பக்கத்திலேயே எண்ணைக் கட்டிவிடுவார்கள். ரவுட்டரில் எதையும் மாற்றாமல் ஒருமுறை அணைத்துப் போட்டால் புதிய எண் வந்துவிடும். இன்னொரு முறையில் ஐபி, சப்நெட் மாஸ்க் (தொகுதியின் அளவைக் குறிப்பது), கேட்வே, டிஎன்எஸ் என்று நான்கு விவரம் தருவார்கள். ரவுட்டரின் இன்டர்நெட் பக்கத்தில் 'ஸ்டாட்டிக் ஐபி' வகையைத் தேர்ந்து அப்படியே நிரப்ப வேண்டும். மாஸ்க்கில் 255.255.255.252 என்று கொடுத்திருந்தால் பழக்கதோஷத்தில் 255.255.255.0 என்று போட்டுவிடாதீர்கள். பெரும்பாலான தளங்கள் திறக்கும், அக்கம்பக்கத்து எண்களில் இருக்கும் சில மட்டும் திறக்காது. கண்டுபிடிக்கக் கடினமான கோளாறு இது. சில நிறுவனங்கள் ரவுட்டரின் மேக் முகவரியோடும் சேர்த்துப் பூட்டுவதால், ரவுட்டரை மாற்றும் நாளில் நெட்டே நின்றுபோகும். புதிய ரவுட்டரில் பழைய மேக்கை 'குளோன்' (நகல்) செய்யுங்கள், அல்லது அவர்களை அழைத்துப் புதியதைப் பதியச் சொல்லுங்கள்.

இதற்குப் பிறகுதான் போர்ட் ஃபார்வர்டிங், அதாவது வெளியிலிருந்து ஒரு போர்ட்டுக்கு வருவதை வீட்டுக்குள் ஒரு கருவிக்கு அனுப்பும் அமைப்பு. இங்கே அவசரம் ஆபத்து. 2013-இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஸீமேப் கருவியால், ஒரு கிகாபிட் இணைப்பிலிருந்து ஐபிவி4 உலகம் முழுவதிலும் ஒரு போர்ட்டை 45 நிமிடத்துக்குள் தட்டிப் பார்த்துவிட முடிந்தது. ஆகவே, டைனமிக் ஐபி என்பதால் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள், 8000 போர்ட்டை 8123 ஆக்கிவிட்டால் தப்பிக்கலாம் என்பதெல்லாம் வெறும் ஆறுதல்தான். 2016-இல் மிராய் என்ற தீநிரல் மாற்றப்படாத கடவுச்சொற்களை வைத்தே லட்சக்கணக்கான டிவிஆர்களையும் கேமராக்களையும் பிடித்து, அக்டோபர் 21 அன்று டைன் (Dyn) என்ற டிஎன்எஸ் நிறுவனத்தை முடக்கியது. 2021-இல் ஹிக்விஷன் கருவிகளில் கடவுச்சொல்லே இல்லாமல் உள்ளே கட்டளை ஓட்டக்கூடிய ஓட்டை வெளியானது. டிவிஆரின் போர்ட்டை நேரடியாக வெளியே விடுவதைவிட, ஒயர்கார்டின் 51820 யுடிபி போர்ட் ஒன்றை மட்டும் திறந்து, அதன் வழியாக உள்ளே வந்து டிவிஆரைப் பார்ப்பது எவ்வளவோ மேல். 'டிஎம்இசட்' என்ற பொத்தானைத் தொடவே வேண்டாம், அது எல்லாப் போர்ட்டையும் ஒரே கருவிக்குத் திறந்துவிடும்.

சோதிக்கும்போது போனில் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் சோதியுங்கள். வீட்டு வைஃபையில் இருந்துகொண்டே உங்கள் பொது ஐபியைத் திறக்கப் பல ரவுட்டர்கள் விடாது, அதைப் பார்த்து வேலை செய்யவில்லை என்று தப்புக் கணக்குப் போடுவீர்கள். திறக்கவில்லை என்றால் இந்த வரிசையில் பாருங்கள்: டபிள்யூஏஎன் ஐபி நீங்கள் வாங்கிய எண்தானா, கருவியின் உள் ஐபிக்கும் ஃபார்வர்டிங் விதியில் உள்ள ஐபிக்கும் பொருத்தம் உண்டா, வீட்டுக்குள்ளிருந்து அதே போர்ட் திறக்கிறதா, கருவியில் கேட்வே சரியா, விண்டோஸ் ஃபயர்வால் மறிக்கிறதா. கடைசியாக வெளிப் போர்ட்டை மட்டும் வேறு எண்ணுக்கு மாற்றிப் பாருங்கள். அப்போது திறந்தால் பழைய எண்ணை அடைத்தது நெட் நிறுவனம். போர்ட் சோதிக்கும் தளங்கள், அந்தப் போர்ட்டில் கேட்டுக்கொண்டிருக்கும் நிரல் ஓடாதபோதும் 'மூடியிருக்கிறது' என்றே சொல்லும்.

ஸ்டாட்டிக் ஐபியை நிறுத்தும்போதும் ஒரு வேலை இருக்கிறது. அந்த எண் நாளை வேறொருவருக்குப் போகும். நிறுத்தச் சொல்லும் அன்றே வாடிக்கையாளர் சர்வரின் அனுமதிப் பட்டியல், கிளவுட் ஃபயர்வால், டொமைனின் டிஎன்எஸ் பதிவு, போனில் சேமித்த டிவிஆர் விவரம் என்று அந்த எண் இருக்கும் எல்லா இடத்திலிருந்தும் அதை நீக்கிவிடுங்கள். விட்டுவைத்தால் உங்கள் போன், யாரோ ஒருவர் வீட்டு ரவுட்டருக்கு உங்கள் டிவிஆரின் கடவுச்சொல்லை அனுப்பிக்கொண்டிருக்கும்.